ஜோனாஸின் வெயில், என் மழை

இங்கே கூட்டம் என்றால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நாற்காலி இல்லாமல் இல்லை. சாய்ந்தால் முதுகோடு வளைந்து கொடுக்கிற நல்ல நாற்காலிகள். ஆனாலும் காலையில் கூடுகிற அந்தக் கொஞ்ச நேரம் யாரும் உட்காருவதில்லை. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுக் கலைய வேண்டும். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு நீளாது, அவ்வளவுதான் கணக்கு. இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். செஞ்சியில் வளர்ந்த எனக்கு முதல் வாரம் இது பிடிபடவே இல்லை. எங்கள் பக்கம் நிற்பவன் கேட்க வந்தவன், உட்கார்ந்திருப்பவன் கொடுக்கிறவன். உரக்கடையிலும் வி.ஏ.ஓ. ஆபீசிலும் என் நைனா, அதாவது அப்பா, உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோருமே நிற்கிற அறையில் யார் கொடுப்பவர், யாரிடம் கேட்பது என்று தெரியாமல், என் முறை வந்தபோதெல்லாம் "எல்லாம் நல்லாப் போகுது" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நான் படிக்க வந்திருப்பது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இந்தப் பருவத்தில் எங்களுக்கு இணையச் செயலி கட்டுகிற பாடம். பரீட்சை கிடையாது. நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து நிஜமான ஆள் ஒருவருக்கு நிஜமான செயலி செய்து கொடுக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஃபிராவ் பெக்கர் என்கிற அம்மா. சாமான் ஏற்றுகிற பெரிய சைக்கிள்களை ஊர்க்காரர்களுக்கு இரவல் கொடுக்கிற ஒரு கொட்டகையை அவர் நடத்துகிறார். எந்தச் சைக்கிள் எந்த நாளில் காலியாக இருக்கிறது என்று பார்த்து வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்ளும்படி அவருக்கு ஒரு செயலி வேண்டும். முழுவதையும் முதலிலேயே திட்டம் போட்டுக் கட்டிவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று துண்டு துண்டாகச் செய்து, சுற்று முடிந்ததும் அவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு போவதுதான் அஜைல் முறை. வேலைகளை அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்போம். அணி பேசி, யார் எதை எடுப்பது என்று முடிவாகும்.

அந்தச் சுவரில் என் கண் ஒரே அட்டையில்தான் இருந்தது: பதிவுப் பக்கம். செயலியின் உயிரே அதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். 'முதல் பட்டதாரி' என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. முதல் என்றால் பெருமை என்பார்கள். வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லை என்பதுதான் அதற்குப் பொருள். நான் என்ன படிக்கிறேன் என்று நைனாவுக்கு என்றைக்குமே விளங்கியதில்லை. அனந்தபுரம் போகிற வழியில் எங்களுக்கு இருக்கிற துண்டு மேட்டு நிலத்தில் ஒரு வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி, "இது நம்ம மல்லாட்ட" என்று அவர் தூக்கிக் காட்டுவதைப் போல, ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து "இது நான் செஞ்சது நைனா" என்று அவருக்குக் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த அட்டையை எடுத்தவன் ஜோனாஸ். உயரம், செம்பட்டை முடி, எப்போதும் தின்றுகொண்டே இருக்கிற ஒரு ஆப்பிள். கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவன் அம்மா ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இதைப் பற்றித்தான் பேசுவார்களாம். காலையில் நின்றுகொண்டு, "நேத்து எல்லாத்தையும் உடைச்சிட்டேன், ஏன்னு தெரியல, யாராவது வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். மற்ற இருவரும் ஓடிப்போய் அவன் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். தெரியாது என்று சொல்ல இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு துணிச்சல்? செஞ்சியில் நான் படித்த பள்ளியில் வாத்தியார் மகன் ஒருவன் இருந்தான். தப்பாகச் சொன்னால் அவனுக்கு "யோசிடா கண்ணா". நான் தப்பாகச் சொன்னால் "மாடு மேய்க்கப் போ". அவன்மேல் அன்றைக்கு இருந்த எரிச்சல் கடல் தாண்டி வந்து ஜோனாஸ்மேல் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வாரத்தைத் திரும்பிப் பார்க்கிற கூட்டம். அதை நடத்துபவள் எங்கள் அணியின் அன்னிகா. பேச்சு தொடங்கும் முன் அவரவர் மனநிலையை வானிலையாகப் பலகையில் வரையச் சொல்வாள். முதல் வெள்ளியன்று, ஆசைப்பட்ட அட்டை கைவிட்டுப் போயிருந்தாலும், நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். வந்து சேர்ந்தாயிற்று, அணியில் இடம் கிடைத்தாயிற்று. கறுத்த மேகம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, அதிலிருந்து சடசடவென்று மழைக்கோடுகளை இழுத்துவிட்டேன்.

அன்னிகா என்னையே பார்த்தாள். "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்றாள். "ரொம்பக் கனமாக இருக்கிறதா?"

"ரொம்பக் கனம்" என்றேன், பல்லெல்லாம் தெரிய. "இன்னும் பெய்யும்."

அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். என் சந்தோஷத்தில் பங்குகொள்கிறாள் என்று நினைத்துக் குடித்தேன். ஜோனாஸ் தன் பேருக்குக் கீழே கதிர் விரித்த சூரியனைப் போட்டிருந்தான். பெரிய அட்டை எடுத்தவன், வேலை வறுக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

செஞ்சிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் யாரோ கொட்டிவைத்த பாறாங்கல் குவியல் மாதிரி நிற்கிற ஊர் அது. கத்திரி வெயிலில் அந்தப் பாறைகள் குடித்த சூட்டை, பொழுது சாய்ந்த பிறகு ஊர்மேல் கக்கும். எங்கள் மேட்டு நிலத்துக்குக் கிணறு கிடையாது, வானம்தான். மழை வந்தால் நைனாவின் முகமே வேறு. இங்கு வந்த புதிதில் அவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "அங்க மழ பெய்யுதாடா?"

"தெனம் பெய்யுது நைனா."

"தெனமா? குடுத்து வச்ச ஊருடா அது" என்றார். என் நைனாவின் குரலில் நான் பொறாமையைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமும் மழை வரைந்தேன். அதற்கடுத்த சுற்றில் எனக்கு வந்த அட்டைகள் சுருங்கிப்போயிருந்தன: பொத்தானின் நிறம், பக்கத்தின் அடியில் வருகிற முகவரி. "அவசரமே இல்லை, முடிந்தபோது செய்" என்று வேறு சொன்னார்கள். என்மேல் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் ஜோனாஸ் பதிவுப் பக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தான். அவன் திரையில் ஒரு நாள்காட்டி வந்தது, நாட்கள் பச்சையாயின, சிவப்பாயின. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தட்டச்சு செய்கிற சத்தம்கூட எரிச்சலாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று எழுந்து போய், பலகை கொள்ளாமல் ஒரு சூரியனை வரைந்தேன். கதிர்களை அழுத்தி அழுத்திப் போட்டதில் பேனா முனை தேய்ந்தது.

அன்னிகா கைதட்டினாள். "ஒருவழியாக வெயில்!" என்றாள். ஜோனாஸ் என் முதுகில் தட்டினான். அடுத்த சுற்றிலும் எனக்குப் பொத்தான்கள்தான். நான் வெந்து சாகிறேன் என்கிறேன், இவர்கள் கைதட்டுகிறார்களே, இது என்ன மாதிரி ஜனம் என்று அன்றெல்லாம் மறுகினேன்.

கடைசிச் சுற்று தொடங்குவதற்கு முன்பு, உணவுக்கூடத்தில் ஜோனாஸ் எதிரில் வந்து உட்கார்ந்தான். "இப்போதெல்லாம் நீ தெளிவாக இருப்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது" என்றான்.

"தெளிவா? எனக்குத் தூக்கமே இல்லை."

"சூரியன் வரைந்தாயே?"

"ஆமாம். மே மாதத்துச் சூரியன். செருப்பில்லாமல் பாறையில் நிற்கிற மாதிரி."

ஜோனாஸ் மெல்லுவதை நிறுத்தினான். "அப்படியென்றால் மழை?"

"மழை என்றால் சந்தோஷம். வேறென்ன?"

முதலில் அவன் சிரித்தான். மேசை ஆடச் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான். "உனக்கு மனசு சரியில்லை என்று நினைத்துத்தான் பெரிய அட்டை எதையும் தரவில்லை. சூரியன் வந்ததும், சின்ன வேலைதான் உனக்கு ஒத்துக்கொள்கிறது என்று அப்படியே விட்டோம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. அன்பாகத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள். யார்மேல் கோபப்படுவது?

மறுநாள் ஸ்டாண்ட்-அப்பில் அன்னிகா முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். ஜோனாஸ் சுவரிலிருந்து பதிவுப் பக்க அட்டையை உரித்து என் கையில் வைத்தான். "மீதியை நீ எழுது, நான் பக்கத்தில் உட்காருகிறேன்." ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. வந்த நொடியில் இன்னொரு பொறாமை பிடித்தது: கொடுப்பதற்கு அவனிடம் இருந்தது; கொடுத்தபிறகும் அவனுக்குக் குறையவில்லை.

ஒரே கணினிமுன் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஒரே சைக்கிளை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கேட்டால் என்ன செய்வது என்கிற சிக்கலை நான் அவிழ்த்தேன். அதில் ஓட்டை இருப்பதை அவன் பார்த்தான். அந்த ஓட்டையை நான் வேறு மாதிரி அடைத்தேன். கடைசி நாள் ஃபிராவ் பெக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே ஒரு சைக்கிளைப் பதிவு செய்து பார்த்தார். பதிவானது. "அழகு" என்றார், இருவரையும் பார்த்து.

மதியமே போனில் நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றிருந்தார். மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "நைனா, இதப் பாரு, இது..." என்று ஆரம்பித்தேன்.

"யார்ரா அது ஒன் பக்கத்துல? செகப்பா, ஓங்குதாங்கா?"

"கூடப் படிக்கிறவன் நைனா. ஜோனாஸ்."

"இன்னா பேரோ. சாப்டானா கேளு."

கேட்டேன். ஜோனாஸ் ஆப்பிளை உயர்த்திக் காட்டினான். "இது ஒரு சாப்பாடா? ஊருக்கு இட்டுக்கினு வா, கறி சோறு ஆக்கிப் போடலாம்" என்றார் நைனா. அதையும் சொன்னேன். ஜோனாஸ் திரைக்குள் குனிந்து, அவருக்குப் பின்னால் தெரிகிற மலைமேல் என்ன கட்டடம் என்று கேட்டான். கோட்டை என்று நான் சொல்வதற்குள் நைனாவே கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, நல்லாத் தெரிகிற இடத்துக்கு நடந்தார். எனக்காக அவர் இப்படி ஒரு நாளும் நடந்து காட்டியதில்லை. எனக்குத் தெரிந்த மலைதானே.

"அவர் மேலே ஏறியிருக்கிறாரா?" என்றான் ஜோனாஸ்.

"நமக்கு அங்க இன்னாடா வேல? நீ வா, ஒன்கூட ஏர்றேன்னு அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். இருவரும் சிரித்தார்கள், எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவன் கேட்பது தமிழாகிப் போனது, அவர் சொல்வது ஆங்கிலமாகித் திரும்பியது. பதிவுப் பக்கம் மடிக்கணினியில் திறந்தபடியே கிடந்தது. போன் திரையின் மூலைச் சதுரத்தில் பாதி முகமாக நான் தெரிந்தேன். நைனா ஜோனாஸைப் பார்த்தார், ஜோனாஸ் நைனாவைப் பார்த்தான், இருவருடைய பேச்சும் என் வாய் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை.