வெயில் நாளில் ஒரு மழை லீவு

சென்ற வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘பள்ளிகளில் எல்லா மதப் பண்டிகைகளையும் கொண்டாடுவது எப்படி?’ என்று தலைப்பு. மேடையில் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். மூன்றும் ஒரே உயரம். சமத்துவத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கோ, சாலவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாத்தியாராக இருந்த காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஈராசிரியர் பள்ளி. ஹெட்மாஸ்டர் ஒருவர், நான் ஒருவன். அறுபது பிள்ளைகள். அதில் இருபது பேர் காலனியிலிருந்து வரும் கிறிஸ்தவப் பிள்ளைகள். வீட்டில் எல்லோருக்கும் கூலி வேலை. வருஷத்தில் மூன்று நாள் உள்ளூர் விடுமுறை விட ஹெட்மாஸ்டருக்கு அதிகாரம் உண்டு. என்ன செய்தார்? அம்மன் கோயில் தேருக்கு இரண்டு நாள். பஞ்சாயத்து பிரசிடெண்டின் குலதெய்வத்துக்கு ஒரு நாள். தீர்ந்தது கணக்கு.

அந்தத் தேர் ஒரு வருஷமும் காலனிப் பக்கம் போனதில்லை. லீவு மட்டும் காலனிக்கும் போனது — பாரபட்சமே இல்லாமல்.

செப்டம்பரில் மாதா கோயில் பண்டிகை வரும். பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போகவேண்டும். காலனிப் பிள்ளைகள் இருபது பேருக்கும் அன்றைக்கு ஆப்சென்ட். ஐந்தாம் வகுப்பில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். முந்தைய வருஷம் அவள் வராதது அந்த ஒரே நாள். ஒருநாளும் தவறாமல் வந்தவருக்கான பரிசு அதனால் கைவிட்டுப் போயிற்று. இந்த வருஷத்தை விட்டால் அவளுக்கு வேறு வருஷம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அனுப்புவார்களா என்பதே சந்தேகம்.

பண்டிகைக்கு முதல் நாள் அவள் அம்மா லூர்து மேரி நடவிலிருந்து நேராக, சேற்றுக் காலோடு வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

“உங்க தேருக்கு எங்க புள்ளைங்க ரெண்டு நாளு வூட்ல குந்திக்கினு கீதுங்க சார். எங்க பண்டிகைக்கு ஒரு நாளு வுட்டா இன்னா?”

ஹெட்மாஸ்டரின் தலைக்கு மேலே ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்ற படம் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் போனபிறகு என்னிடம் புலம்பினார். மூன்று நாளும் செலவாகிவிட்டதாம். மாதாவுக்கு லீவு என்று தெரிந்தால் பிரசிடெண்ட் சும்மா விடமாட்டாராம், ஜில்லாவின் அந்தக் கோடிக்குத் தூக்கியடித்துவிடுவாராம். யோசித்து யோசித்து... ஒரு வழி கண்டுபிடித்தார். மழை! மழைக்கு லீவு விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மறுநாள் காலையில் வாசல் கரும்பலகையில் நான்தான் எழுதினேன்: ‘கனமழை காரணமாக இன்று விடுமுறை.’ எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அப்போது அதைப் பெரிய சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

காலனிக்காரர்கள் நல்ல துணி உடுத்தி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா நின்று, பலகையை உரக்கப் படித்தாள். லூர்து மேரி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது அவளுக்கு.

ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். எதன் பேரில் விட்டால் என்ன, பெண்ணுக்கு ஆப்சென்ட் விழாது, சந்தோஷமாகப் போய்வா என்றார்.

அவள் போகவில்லை.

“லீவு வுட்டது சந்தோசம் சார். எங்க மாதா பேர எய்தறதுக்கு இன்னா கூச்சம் உங்களுக்கு?”

சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன் — எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. லீவு கிடைத்தாயிற்று, பேர் எதற்கு? வெட்கம் பிறகுதான் வந்தது. அப்போதும் கை எழவில்லை. ஸ்டெல்லாவே துணியை எடுத்து அழித்தாள். சாக்பீஸுக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். அந்தப் புரட்சியில் என் பங்கு அவ்வளவே.

‘மாதா கோயில் பண்டிகை. பள்ளி விடுமுறை’ என்று அவள் எழுதி முடிக்கவும், பிரசிடெண்டின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஹெட்மாஸ்டர் ஏதோ ரிஜிஸ்டரைத் தேட உள்ளே போய்விட்டார்.

பிரசிடெண்ட் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“லீவா வாத்தியாரே? நல்லதாப் போச்சு. ஆளுங்க எல்லாம் பண்டிகைக்குப் பூட்டாங்க. எம் பையன கயனிக்கு இட்டுக்கினு போறேன்.”

போய்விட்டார். எந்தச் சாமிக்கு லீவு என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை. அவர் கேட்கவே கேட்காத கேள்விக்கு இத்தனை வருஷம் பயந்திருக்கிறோம். பயம்தானா? இல்லை, எங்கள் மனசில் இருந்ததற்கு அவர் பேரை வைத்திருந்தோமா?

ஆண்டுவிழாவில் ஸ்டெல்லாவுக்குப் பரிசு கிடைத்தது — ஒரு எவர்சில்வர் டம்ளர். எம்மதமும் சம்மதம் என்பதே இந்தப் பள்ளியின் வழக்கம், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று ஹெட்மாஸ்டர் மைக்கில் முழங்கினார். கைதட்டல். கூட்டம் கலைந்ததும் லூர்து மேரியைத் தேடிப்போய், இப்போது திருப்திதானே என்று கேட்டார்.

“அட்த்த வருசம் பண்டிக நாயித்துக்கெயமல வருது சார்,” என்றாள் அவள். “உங்களுக்கு பேஜார் இல்ல.”