தோரியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினேன்

எதைப் படித்துவிட்டுப் போகிறோமோ அதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அறிவியல் விளக்கம் சொல்லும் தொழிலின் லட்சணம். கரும்பலகை முன் நின்று விழித்தவர்கள் எல்லாரும் என் கட்சி.

தொண்ணூறுகளில் மதுரைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தேன். சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய், தோரியம் நாளைய அணு எரிபொருள் என்று பேசுவேன். கதிர்வீச்சைக் காட்டும் பேட்டரி கருவியும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரியும் ஒரு மேண்டிலும் கையில் இருக்கும். அந்த வெள்ளை வலையில் கொஞ்சம் தோரியம் உண்டு. பக்கத்தில் வைத்தால் கருவி டிக் டிக் என்னும்.

செல்லூர்

பள்ளியைச் சுற்றி விசைத்தறிகள். டிக் டிக் யாருக்கும் கேட்கவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்த சௌராஷ்டிர நெசவாளர் ஒருவர், "பொறுங்க டீச்சர், பத்து நிமிஷத்துல கரண்டு போயிரும்" என்றார். போனது. தறிகள் ஓய்ந்தன. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவர் சிரிக்காமல் சொன்னார்: "எங்க கரண்டு போனாத்தான் உங்க கரண்டு கேக்குது."

திருவாதவூர்

தோரியம் தானாக எரிபொருள் ஆகாது, உலைக்குள் வைத்து முதலில் யுரேனியமாக மாற்ற வேண்டும் என்றேன். "பச்சை விறகக் காயவச்சு எரிக்கிற மாதிரி" என்று கேட்க வந்திருந்த ஒரு விவசாயி எனக்கே விளக்கினார். அதுல கரண்டு வர எம்புட்டு நாளாகும் என்று கேட்டார். முப்பது வருஷம் ஆகலாம் என்றேன். "அப்ப இந்தப் போகத்துக்கு டீசல் மோட்டாரையே ரிப்பேர் பாத்துக்கிறேம்மா."

ஆரப்பாளையம்

இரண்டு வருஷமாக மேண்டில் வாங்கியது முத்தையா அண்ணனின் வாடகை விளக்குக் கடையில். ஒருநாள், "கல்யாணம் காச்சி இல்லாம எதுக்கும்மா மாசாமாசம் மேண்டில்?" என்றார். கருவியை எடுத்து வைத்துக் காட்டினேன். டிக் டிக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எரிந்த மேண்டிலின் சாம்பலை இருபது வருஷமாக வாயால் ஊதித்தான் விளக்கைத் துடைத்திருக்கிறார்.

"எனக்கு என்னமும் ஆகுமா?"

தொடுவதால் பயமில்லை, ஆனால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துக் கை கழுவ வேண்டும் என்றேன். ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். நல்லவேளை, குறை எதுவும் இல்லை. முன்பே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "ஊரெல்லாம் போய்ச் சொன்னீங்க. எங்கிட்ட சொல்லத்தாம்மா ரெண்டு வருஷம் ஆயிருக்கு."

எனக்கு ஓய்வு வந்துவிட்டது, முழங்கால் வலியும் வந்துவிட்டது. தோரிய மின்சாரம் மட்டும் இன்னும் வழியில் வந்துகொண்டே இருக்கிறது.