கண் வைக்கச் சொன்ன வேலை

ஜவுளிக்கடையில் துணி விற்கிறவர்களுக்கு வாய் வேண்டும், செக்யூரிட்டிக்குக் கால் வேண்டும். காலையில் நீலச் சேலை யூனிஃபார்மைக் கட்டிக்கொண்டு நின்றால், கடை சாத்தும்போதுதான் உட்காரலாம். நாள் முழுக்க நின்றே பிழைக்கிற அக்கா தங்கைகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எட்டாவதோடு நின்றவள் நான். பிள்ளைகள் இரண்டு பேரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறார். அதனால் தருமபுரி டவுனில் இந்தக் கடை வேலை கிடைத்ததும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சேர்ந்தேன். பட்டுச்சேலை மாடி என் பொறுப்பு.

முதல் பாடம்

சூப்பர்வைசர் தம்பிக்கு என் மகன் வயசு. யார் யார் மேல் கண் வைக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தார். செருப்பில்லாமல் வருகிறவர்கள், கும்பலாக வந்து வேறு பாஷை பேசுகிறவர்கள், பாசிமணி விற்கிறவர்கள். இவர்களில் யார் படியேறினாலும் வாக்கிடாக்கியில் தகவல் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போக வேண்டும். மற்றவர்களுக்கு வணக்கம் சொன்னால் போதும்.

இவர்களில் யாராவது எதையாவது எடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு முன்னால் இருந்தவருக்குத்தான் தெரியும் என்றார். அவருக்கு யார் சொன்னது என்றால், அவருக்கும் முன்னால் இருந்தவராம். ஒருத்தரும் பார்க்காத திருடனை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அடையாளம் காட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் இவ்வளவு கேட்டது தம்பிக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்கம்மா. நீங்களும் இப்படியே பாருங்க."

ஏரியூர்க்காரரின் சந்தோஷம்

அடுத்த வாரமே ஒருத்தர் வெறுங்காலோடு ஏறி வந்தார். வேட்டியில் செம்மண், தோளில் உரச்சாக்கில் தைத்த பை. தகவல் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். அவர் நின்றால் நானும் நின்றேன், அவர் திரும்பினால் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே என்னிடம் வந்து, பையை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஏரியூரிலிருந்து மகளுக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறாராம். மகள் என் உயரம்தானாம், இந்தப் பச்சையை ஒரு தடவை மேலே போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

போட்டுக் காட்டினேன். மாம்பழக் கலரையும் போட்டுக் காட்டினேன். செருப்பு எங்கே என்று கேட்டதற்கு, இவ்வளவு பளபளவென்று துடைத்து வைத்திருக்கிற இடத்தில் எப்படிப் போட்டுக்கொண்டு ஏறுவது, கீழே வாசலில் விட்டிருக்கிறேன் என்றார். மாம்பழக் கலரையே பில் போட்டுக்கொண்டு இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நல்ல கடைங்க இது. தொணைக்கு ஒரு ஆளக் கூடவே அனுப்பறாங்க."

லீவு நாளில்

ஒரு லீவு நாளில், தங்கச்சி பேரனின் ஞானஸ்நானத்துக்குத் துணி எடுக்க எங்கள் கடைக்கே போனேன். பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகளும் வந்திருந்தாள். ஜீன்ஸ் பேன்ட், கிராப்பு வெட்டிய தலை. வாசலில் புதிதாகச் சேர்ந்திருந்த செக்யூரிட்டிப் பெண் அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தாள். நான் சாயம்போன சேலையில் நாலடி பின்னால் வந்தேன். எனக்குச் சல்யூட் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் பின்னாலேயே அவள் வந்துகொண்டிருந்தாள்.

குழந்தைத் துணி, துண்டு, உள்பாவாடை என்று எங்கே போனாலும் வந்தாள். முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை, ஆனால் என் கை தானாகவே துணியிலிருந்து விலகி விலகி வந்தது. அப்படி விலகினால் இன்னும் சந்தேகப்படுவார்கள் என்பது இந்த வேலை செய்கிற எனக்கே தெரியும். மகள் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் அந்தப் பெண் உற்றுப் பார்த்தாள். "ஐயோ நீங்களாம்மா, யூனிஃபார்ம் இல்லாம உங்கள அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சிட்டேங்க."

ராகு காலம்

அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது பாதியிலேயே நின்றுவிட்டேன். இனிமேல் யார் வந்தாலும் காலைப் பார்ப்பதில்லை, உடுப்பைப் பார்ப்பதில்லை, கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் மிச்ச மணியை உருட்டினேன். பட்டுமாடியிலிருந்து தகவலே வருவதில்லை என்று சூப்பர்வைசருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு துணி காணாமல் போனாலும் உங்கள் வேலை போய்விடும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அவர் சொன்ன மாதிரியே ஒரு புதன்கிழமை மத்தியானம் அரக்கு கலர் கூறைப்புடவை ஒன்றைக் காணோம். அந்த நேரம் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிற லட்சுமி மாடியில் இருந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம். பட்டு என்றால் கையில் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் ஓடி வந்து, அவளைப் படியில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார். மாடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லட்சுமி பழகின கையாகப் பையை அவிழ்க்க ஆரம்பித்தாள். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படிக்குக் குறுக்கே போய் நின்றேன். இவள் கையை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இவள் எடுக்கவில்லை, அப்படியும் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எல்லார் பையையும் பார்க்கலாம் என்றேன். வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். படுக்கையில் இருக்கிற மனுஷர் முகம் ஒரு நிமிஷம் வந்து போனது. "வேணுந்தான் தம்பி. அதான் ஒழுங்காச் செய்யறேன். மொதல்ல என் பையப் பாருங்க."

சாமி படத்தின் கீழே

என் பையில் சாப்பாட்டு டப்பா, தைலம், ஜெபமாலை. அடுத்து நின்றது காரில் வந்திருந்த ஒரு அம்மா. தன்னையா சந்தேகப்படுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். சந்தேகம் இல்லைங்க, வரிசைங்க என்று கும்பிட்டுச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையைத் திறந்தார். அப்புறம் லட்சுமி. ஊசி, மணி கோக்கிற நரம்பு, பாசிமணி, பாதி பன்.

அந்த நேரம் பார்த்து சேல்ஸ் மஞ்சுளா சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஏன் எல்லாரும் பையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பென்னாகரம் பக்கத்துக் கல்யாண வீட்டார் அந்தப் புடவையை எடுத்து வைத்தார்களாம். ராகு காலத்தில் பில் போடக் கூடாது, ஒன்றரை வரைக்கும் சாமி காலடியில் இருக்கட்டும், அதற்குள் சாப்பிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மஞ்சுளாவும் படியோரச் சுவர்ப் பலகையில் சாமி படத்தின் கீழே வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தின் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம்.

யாரும் லட்சுமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அவள் பன்னைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டு என் தோளைத் தொட்டாள். "எம் பையப் பாக்கறது பழசுக்கா. எல்லாரு பையயும் பாத்த பாரு, அது புதுசு. அத விடு, அந்தக் கத்திரிப்பூ கலரக் காட்டச் சொல்லு."

இதற்கப்புறம் மேலே இந்த வம்பே வேண்டாம் என்று முதலாளி வாசலில் பை வாங்கி வைக்கிற இடம் ஒன்று போட்டார். எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனையாக என்னை அங்கே வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். காரில் வந்தவரும் டவுன் பஸ்ஸில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று என் கையில் பையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்பதை, தண்டனை கொடுத்தவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.