இன்ஜின் விளக்கை அவள் படித்த விதம்

எனக்கு சாஃப்ட்வேர்காரன் புத்தி. எது மக்கர் செய்தாலும் ரீஸ்டார்ட்தான். நாங்கள் குடியேறிய ரவுண்ட் ராக் ஊரில் மனைவிக்காக வாங்கிய இருபது வயதுக் காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோதும் அதே கதை. கோட் ரீடரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, வந்த பிழை எண்ணைச் சரியாகப் பார்க்காமலே அழித்தேன். விளக்கு அணைந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு புகைப் பரிசோதனைக்குப் போனேன்.

பிழை எண்ணை அழித்ததில் காரின் கம்ப்யூட்டர் நினைவே காலியாகிவிட்டது, சில நாள் ஓட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதியில்லாமல் ஆறு வருடம் வீட்டில் காத்திருந்த மனைவிக்கு இப்போதுதான் ஒர்க் பெர்மிட் வந்திருந்தது. பத்து நாளில் ஒரு லேபில் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பரிசோதனையில் தேறாவிட்டால் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷனும் கிடையாது.

மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

"ச்சே, சனியன்!" என்று ரீடரை எடுத்தேன். மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"மறுபடி அழிச்சீங்கன்னா பாருங்க! என்ன சொல்லுதுன்னு மொதல்ல படிக்கலாமுங்க."

இன்ஜினுக்குள் காற்று அதிகம் என்றது எண்.

"அப்ப சென்சார் போச்சு. ஆர்டர் பண்ணிடறேன்."

"ஏனுங்க, சுகர் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்தா மெஷினையா மாத்துவீங்க?"

ஈரோட்டில் ஏழு வருடம் ரத்தம் பரிசோதித்தவள். காரை நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு ரீடர் காட்டிய எண்களை எழுதினாள். என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி மறுபடி எழுதினாள்.

"சும்மா நிக்கும்போதுதான் கோளாறு. மிதிச்சா சரியாகுது. எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுங்க."

பானெட்டைத் திறந்து, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றில் நகக்கண் அளவு வெடிப்பு. அதை அவள் விரலால் அடைத்ததும் இன்ஜினின் உதறல் அடங்கியது. அடேயப்பா! எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டியும் விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

புதுக் குழாய் மாட்டிய பிறகு, கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடிக்க நாலைந்து நாள் ஃப்ரீவேயில் ஓட்ட வேண்டியிருந்தது. அதுவரை மளிகைக் கடை தாண்டி ஓட்டியிராதவள், "நானே ஓட்டறேனுங்க" என்றாள். லாரிகளுக்கு நடுவே அவள் லேன் மாற்றும்போதெல்லாம் என் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. "அந்தக் காலைக் கொஞ்சம் சும்மா வெக்கறீங்களா?" என்றாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை கார் தேறியது.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பியபோது, துணைக்கு என் காரில் பின்னாலேயே வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்குள் வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளே இத்தனை நீளம். அவள் இப்படி ஆறு வருடம் இருந்திருக்கிறாள்.