டோர்வலில் நின்ற ஏரி

அந்தச் சனிக்கிழமை காலை வெளியே மைனஸ் இருபத்தாறு. விமானம் துப்புரவு செய்யும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா, காருக்குள் மறந்துபோய் விட்டிருந்த சோடாப் போத்தலைக் கொண்டுவந்து குசினித் தொட்டிக்குள் போட்டார். போத்தல் நெடுக வெடித்து, உள்ளே இருந்த ஐஸ் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

“பாரன், ஒரு இரவுக்க என்ன செய்துபோட்டுது எண்டு.”

நான் பார்த்தேன். கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். அந்தக் கணத்தில்தான் ஒரு படிவத்தில் நான் வெறுமையாக விட்ட கட்டம் ஞாபகம் வந்தது.

என்னுடைய பெட்டி ஒன்று முதல்நாள் பின்னேரம் டோர்வல் விமான நிலையத்துக்கு வந்து இறங்கியிருந்தது. சுங்கத்தில் ஒரு கடதாசி பார்க்க வேண்டும், திங்கட்கிழமைதான் தருவார்கள் என்று செய்தி வந்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெட்டிக்குள் ஐந்து பிளாஸ்டிக் குழாய்கள். குழாய்களுக்குள் ஒரு ஏரியின் அடிச்சேறு.

அந்த ஏரி மத்திய அமெரிக்காவில், காடு மூடிய ஒரு பழைய எரிமலையின் வாய்க்குள் கிடக்கிறது. விளிம்பில் நின்று பார்த்தால் பச்சைத் தண்ணீர். இறங்க இறங்க அழுகின முட்டை மணம் மூக்கில் ஏறும். அதற்குள் ஆறு எதுவும் வருவதில்லை. அதிலிருந்து எதுவும் போவதுமில்லை. விழுந்தது எல்லாம் விழுந்த இடத்திலேயே படிந்துவிடும். மழைக்காலத்துக்கு ஒரு கறுத்தப் படை, வெயில்காலத்துக்கு ஒரு வெளிறின படை. இரண்டும் சேர்ந்தது ஒரு வருடம். அது என் நகத்தின் தடிப்புக்கூட வராது. அப்படி ஆயிரக்கணக்கான வருட மழையையும் வரட்சியையும் ஒன்றும் கலையாமல் அடுக்கி வைத்திருக்கும் ஏரி அது. அந்தப் படைகளை எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி.

அந்தப் பூங்காவில் ஒரு இலையைப் பறித்தாலும் குற்றம். ஏரிக்கு இறங்குமுன் எங்கள் சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வைத்தார்கள். மூன்று நாள் அனுமதி. நான்கு குழாய்கள் நடு ஏரியில், ஒன்றின் கீழ் ஒன்றாக இறக்கி எடுத்தவை. ஐந்தாவது, முதல்நாள் கை பழகுவதற்காகக் கரையோரம் எடுத்த அரைக்குழாய். நாங்கள் வெளிக்கிடும்போது பூங்காவின் காவல் அதிகாரியான பெண் ஐந்தையும் தொட்டு எண்ணி, கொப்பியில் பதிந்தாள். “இனி ஒருவருக்கும் இந்த அடியைக் கலக்க அனுமதி இல்லை. உங்களோடு முடிந்தது,” என்றாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நான் பெருமைக்காரிதான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா மூன்றோடு நிறுத்தப்பட்டவள், யுத்தம். எங்கள் இரண்டு பக்கத்துச் சனத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாப் படிவங்களையும் நிரப்பியவள் நான். குடிவரவு, வரி, ஆஸ்பத்திரி, எல்லாம். நான் நிரப்பியதை ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்க ஆளும் இல்லை.

பெட்டிக்கான படிவத்தையும் அப்படித்தான் நிரப்பினேன். அங்கே என் பயமெல்லாம் வெக்கை. மூன்று நாளும் குழாய்களுக்கு ஈரச்சாக்குப் போட்டு, ஐஸ் தேடி அலைந்து, வெயில் படாமல் பொத்திக்கொண்டு திரிந்தேன். அதனால் பெட்டியின் ஆறு பக்கமும் பனிப்பூ வரைந்த நீல ஸ்டிக்கர் ஒட்டினேன். அதிகூடிய வெப்பநிலை என்ற கட்டத்தில் நான்கு பாகை என்று பெரிதாக எழுதினேன். பக்கத்தில் அதிகுறைந்த வெப்பநிலை என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தொரு குளிர்காலத்தை மொன்றியலில் கழித்த நான், அதை வெறுமையாக விட்டேன்.

ஈரச்சேறு உறைந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் பருக்கும். படைகளைப் பிளந்துகொண்டு ஐஸ் வளரும். பிறகு இளகினால் மிஞ்சுவது வெறும் சேறு.

சரக்குக் கொட்டகைக்குப் போன் எடுத்தேன். பிரெஞ்சில் ஒரு பதிவுக்குரல், அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும் என்றது. ஏழு தரம் எடுத்தேன். ஏழு தரமும் அதே குரல், அதே பாட்டு. என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியருக்கு எடுத்தேன். அவர் சனி ஞாயிறில் போனை நிறுத்திவிடுகிற ஆள். அழுகை வரவில்லை. சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு எட்டாம் தரம் எடுத்தேன்.

நான் அப்பாவிடம் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். அறைக்குள் போய், தேவாலயச் செபக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் போட்டாள். கதவுக்கூடாகக் கேட்டது.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என்ர பிள்ளைக்காகச் செபியுங்கோ. பிள்ளையின்ர சேறு டோர்வலில குளிருக்க நிக்குதாம்.”

“அம்மா! ஆரைக் கேட்டு அனுப்பினீங்கள்?”

“அந்தோனியாரைக் கேக்க உன்னட்ட பெர்மிஷன் எடுக்கோணுமோ?”

“அழியுங்கோ அதை!”

“எனக்கு அனுப்பத்தான் தெரியும். அழிக்கத் தெரியாது.”

எழுபது வீட்டுச் சனம் இருக்கும் குரூப் அது. யாழ்ப்பாணம், மன்னார், பாதிப் பேர் விமான நிலையத்தில் வேலை. ஒரு நிமிடத்துக்குள் மறுமொழிகள் விழத் தொடங்கின. கும்பிட்ட கைகள், மெழுகுதிரிகள். ஒரு அன்ரி, “என்ன சேறு? முகத்துக்குப் பூசுறதோ? எங்க வாங்கினது?” என்று கேட்டிருந்தா. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் போதும்போல இருந்தது.

பிறகு என் போன் அடித்தது. பூசையில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணை. அவர் சரக்குப் பக்கத்தில் வேலை என்பதே எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

“தங்கச்சி, உங்கட பெட்டிக்கு முன்னாலதான் நிக்கிறன். வெள்ளைப் பெட்டி, சுத்திவர நீல ஸ்டிக்கர். கலியாணப் பரிசுமாதிரிக் கிடக்கு.”

“எங்க நிக்குது அண்ணை? உள்ளுக்கோ?”

“இல்லை, ஹீட்டர் இல்லாத பக்கம். பெரிய கதவடி.”

“ஏன் அங்க வைச்சனீங்கள்?”

“நீங்கள் எழுதினபடிதான். நாலுக்கு மேல போகக்கூடாது எண்டிருக்கு. இங்க நாலுக்கு மேல போகாது, அதுக்கு நான் பொறுப்பு.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது கேட்டிருக்க வேண்டும். குரலை இறக்கினார். “கீழ்க் கட்டத்தில ஒண்டும் போடேல்லை, தங்கச்சி. உறையவிடாதை எண்டு இருந்தாத்தான் உள்ள எடுப்பினம்.”

“அண்ணை, உள்ளுக்கு எடுத்து வையுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.” அப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

“சுங்கத்தின்ர மஞ்சள் ரேப் சுத்திக் கிடக்கு. தொட்டா என்ர பாஸைப் பறிச்சுப்போட்டு அனுப்பிப்போடுவாங்கள். பெட்டிக்காரர் கையெழுத்து வைச்ச கடிதம் ஒண்டு கொண்டுவாங்கோ. சுப்பவைசரோட நான் கதைக்கிறன்.”

“பெட்டிக்காரி நான்தான்.”

“இல்லையே. வேற பேர் எல்லோ போட்டிருக்கு.”

பேராசிரியரின் பெயர். அவர் இல்-பிசார் தீவில் இருப்பவர். அந்தப் பக்கம் பஸ் எப்போதாவதுதான். அப்பா வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. பட்டி மினுங்கும் அந்த ஜக்கெற்றோடு கார்ச் சாவியை எடுத்தார். “வா.”

நான் பிரெஞ்சில் கடிதத்தை எழுதி மடித்துக்கொண்டு ஏறினேன். பாலம் தாண்டும்போது சொன்னேன், “நீங்கள் காருக்குள்ளயே இருங்கோ அப்பா.”

“ஏன்?”

“வெளியில சரியான குளிர்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கோ?”

இருபது வருடமாக ஓடுபாதை ஓரத்தில் நிற்கிற மனிசன்.

பேராசிரியரின் மனைவி கதவைத் திறந்து, வீட்டுக்குப் பின்னால் உறைந்து கிடந்த ஆற்றைக் காட்டினா. தூரத்தில் அவர் ஐஸில் துளை போட்டு, சின்னக் கதிரையில் இருந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். பாதித் தூரத்தில் சறுக்கி முழங்கால் அடிபட விழுந்தேன். எழும்ப முயன்றபோது பின்னால் ஒரு கை என் கமக்கட்டைப் பிடித்துத் தூக்கியது. அப்பா காருக்குள் இருக்கவில்லை.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: குறைந்த அளவாக எத்தனை பாகை எழுதினாய்? ஒன்றும் எழுதவில்லை என்றேன். அவர் எழும்பி, தூண்டிலைச் சுருட்டிக் கதிரையில் வைத்தார். திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

கடிதத்தை வாங்கி என் பேனையால் எழுதப் பார்த்தார். மை இறுகிவிட்டது. உதறினார், ஊதினார், எழுதவில்லை. கடதாசி கிழியப் போனது. அப்போது அப்பா தன் ஜக்கெற் பையிலிருந்து கட்டைப் பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார். விமானத்தடியில் பேனை எழுதாது. எல்லோரிடமும் பென்சில்தான் இருக்கும்.

பேராசிரியர் அதை வாங்கிக்கொண்டு, இவர் யார் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க ஒரு கணம் பிந்தியது. அந்த ஒரு கணத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குள் அப்பா, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தான் இந்தப் பிள்ளையின் தகப்பன் என்று சொல்லிவிட்டார்.

பென்சில் கையெழுத்தோடு கடிதத்தை டோர்வலில் அண்ணையிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். பகல் இரண்டு மணிக்கு அவர் போன் எடுத்தார். பெட்டி உள்ளே போய்விட்டது. அம்மா உடனே குரூப்பில் குரல் போட்டாள்: “வேண்டுதல் கேக்கப்பட்டது. எல்லாருக்கும் நன்றி.” மெழுகுதிரிகளும் கைதட்டல்களும் பின்னேரம் முழுக்க வந்துகொண்டிருந்தன. நான் அன்றும் ஞாயிறும் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இடைக்கிடை மனதுக்குள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் குழாய்கள் சுகமாக இருந்தன. அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் உண்மையாகவே திறந்தேன். பெட்டிக்குள் நான் வைத்திருந்த வெப்பப் பதிவுக் கருவி, பூச்சியத்துக்குக் கீழே பதினேழு மணித்தியாலம் என்று காட்டியது. முதல் குழாயை நீளத்துக்கு வெட்டிப் பிளந்தேன். படைகள் இருந்த இடத்தில் ஊசி ஊசியாக வெடிப்பு. கறுப்பும் வெளிறலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, வெடிப்புகளில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு வருடத்தைக்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெட்டும்போது என் கை தன்பாட்டில் வேலை செய்தது. நான்காவது குழாயை, ஏரியின் ஆகப் பழைய மழைகள் கிடந்த குழாயை, திறந்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகின முட்டை மணம் மட்டும் அப்படியே வந்தது. அந்த மணத்துக்குத்தான் நான் அழுதேன்.

நடுவில், மற்ற நான்குக்கும் உள்ளே கிடந்த அரைக்குழாய் தப்பியிருந்தது. கை பழக எடுத்தது. அதன் அடியில் ஒரு சாண் சிதைந்துவிட்டது. மிச்சத்தில் படைகள் தெளிவாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான வருடத்துக்குப் பதில், சில நூறு.

பேராசிரியர் வந்து பார்த்தார். இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பிறகு கதைப்போம் என்றார். முதலில் பூங்காவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களின் படிவம் ஒன்று இருந்தது. ஐந்து மாதிரிகளுக்கும் ஐந்து வரி. இப்போதைய நிலை, காரணம், பொறுப்பாளர். குழாய்களைத் தொட்டு எண்ணிப் பதிந்த அந்தக் காவல் அதிகாரியின் மேசைக்குத்தான் அது போகும்.

பின்னேரம் வீட்டில், குசினி மேசையில் வைத்து ஸ்பானிஷில் நிரப்பினேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“அந்தோனியாருக்கு எப்ப மெழுகுதிரி கொளுத்தப் போறாய்?”

“நாலு போச்சுதம்மா. ஒண்டுதான் மிச்சம்.”

அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

படிவத்தை முடித்து உறைக்குள் வைக்கப் போனேன். வைக்கவில்லை. முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பக்கம் தள்ளினேன்.

“இதை ஒருக்காப் பாருங்கோ அப்பா.”

“எனக்கு உந்த எழுத்து விளங்காது, பிள்ளை.”

“விளங்கத் தேவையில்லை. கட்டம் ஏதும் வெறுமையாக் கிடக்கோ எண்டு மட்டும் பாருங்கோ.”

அப்பா எழும்பிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். சுட்டுவிரலை ஒவ்வொரு கட்டமாக வைத்து, வரிவரியாக நகர்த்தினார். முதல் வரியின் நடுவில் விரல் நின்றது.

“இது சும்மா கிடக்கு.” கீழே இறங்கினார். “இதுவும். இதுவும். இங்கயும்.”

காரணம் என்ற கட்டம். நான்கு வரியிலும் அதை விட்டிருந்தேன். தெரியாமல் விட்டேன் என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பேனையை எடுத்து முதலாவது கட்டத்தில் எழுதினேன்: பெட்டிப் படிவத்தில் குறைந்த வெப்பநிலையை நான் குறிப்பிடவில்லை. அப்பாவின் விரல் இரண்டாவது கட்டத்தில் போய் நின்றது. அதே வசனத்தை அங்கேயும் எழுதினேன். பிறகு மூன்றாவதில். நான்காவதில் எழுதி முடிக்கும்வரைக்கும் அவர் விரலை எடுக்கவில்லை.