பன்றிக்கார ஈனக் பார்த்த விமானம்

இது நடந்த கதை, சத்தியமாக. 1929 ஜூனில், இந்த லிங்கன்ஷயர் மண்ணில் நடந்தது. அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன், ஒரு குவளை பீருக்கு அரை மைல் வீதம்.

ஈனக் தர்ல்பிக்கு முப்பது பன்றிகள், ஒரே தொப்பி. வீட்டுக்குள் அவன் மூக்கு நுழைந்து கால் மணி கழித்துத்தான் அவன் நுழைவான். அவ்வளவு பெருமை.

பக்கத்து விமானப்படைத் தளத்தில் பையன்கள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். எவனுடைய வயலுக்கு மேல் தாழ்ந்து வந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போகிறார்களோ, அவன்தான் அந்த வாரம் இந்த மதுக்கடையில் ராஜா. ஈனக்குக்கு ஒருநாளும் ஆட்டவில்லை. பொறுக்காமல் மனைவியின் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு வைக்கோல் போர்மேல் ஏறிவிட்டான்.

"இங்க வாங்கடா பசங்களா, இன்னும் கீழ வாங்க," என்று விரிப்பை வீசிக் கத்தினான்.

வந்தார்கள். மறுபடி மேலே எழும்ப முடியாமல் மரத்தில் மோதி விழுந்து எரிந்தார்கள். கற்றுக்கொடுத்தவர், பழகியவன், இரண்டு பேரும் போய்விட்டார்கள். பழகியவனுக்குப் பத்தொன்பது வயது. இதில் நான் எதையும் இழுக்கவில்லை.

மூன்றாம் நாள் இதே மதுக்கடையில் மரண விசாரணை. அந்த விமானத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக் பாஸ்க், தொப்பியைப் பிசைந்தபடி நின்றான். பறக்கும்போதே ஏதாவது உடைந்தது என்று தீர்ப்பானால் அவன் பிழைப்பு போச்சு.

"நீங்க என்ன பாத்தீங்க, தர்ல்பி?" என்றார் விசாரணை அதிகாரி.

"வானத்துலயே ரெக்கை பிஞ்சிருச்சுங்க ஐயா. சட்டைக் கை மாதிரி தொங்குச்சு."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"பன்னித் தொட்டிகிட்டங்க. குனிஞ்ச தலை நிமிராம வேலை பாத்துட்டிருந்தேன்."

"குனிஞ்சுகிட்டே வானத்தப் பாத்தீங்களா?"

"எனக்கு ஒரு கண்ணு எப்பவும் மேலதாங்க இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெக்கையைப் பிடிச்சிருக்கிற ஒவ்வொரு கம்பியும் நானே முடுக்கினதுங்க ஐயா," என்றான் பாஸ்க். அவனை யார் கேட்டார்கள்? சாம்பலில் பார்த்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை; ஈனக் சொன்னதே தீர்ப்பானது. பாஸ்க்கின் சட்டையிலிருந்த பதவிப் பட்டையைப் பிய்த்து வேலையை விட்டு அனுப்பினார்கள். ஈனக்கோ அந்த விமானத்தில் எரியாமல் கிடைத்த ஒரே ஒரு மரத்துண்டை அடுப்புக்கு மேல் மாட்டி, "அந்தப் பசங்க எனக்கு ரொம்ப வேண்டியவங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது கொல்லன் கிரம்மிட் குவளையைக் கீழே வைத்தான்.

"விரிப்பு சங்கதி உனக்கு எப்படிடா தெரியும்?"

"வேலிக்கு இந்தப் பக்கம் களை வெட்டிட்டிருந்தேன்."

"விசாரணை அன்னைக்கு?"

"இதே பெஞ்சுலதான் இருந்தேன். என்னை யாரும் கேக்கலையே."

"பாஸ்க் என் வீட்ல குடியிருந்த பையன்டா. வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"விடுப்பா," என்றார் கடைக்காரர் சக்டன். "இவன் சொல்லியிருந்தா மட்டும் யாரு நம்பியிருப்பா?"

"உன்னைக் கேட்டனா? நீயும்தானே அன்னைக்குச் சிரிச்ச," என்று கிரம்மிட் அவர் சட்டையைப் பிடித்தான். பெஞ்சு கவிழ்ந்தது.