போன வருஷத்து முத்திரை

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் மணியம்மாளுக்கு ஒரு நாஷ்டா கடை இருக்கிறது. நான்கு கம்பு, மேலே நீலத் தார்ப்பாய், ஒரு தோசைக்கல், இட்லிக் குண்டான். செக்போஸ்ட்டின் நிழலிலேயே இத்தனை வருஷம் பிழைத்தும் காக்கிச் சட்டையைக் கண்டால் அவளுக்கு உள்ளுக்குள் உதறல் எடுக்கும். கடையை எடு என்று எந்த நேரத்தில் சொல்வார்களோ என்கிற பயம். போலீஸ்காரர் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிடுவாள். கணவன் சேகர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ஒடிசா பக்கம் இருப்பான். "உன்ன எவன் இன்னாடி பண்ணப் போறான்?" என்று அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

அப்படிப்பட்டவள் ஒருமுறை விமானம் ஏறி மலேசியா போய் வந்திருந்தாள். மகள் அருணா கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறாள். மருமகன் அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். பிரசவத்துக்கு அம்மாதான் வேண்டும் என்று அருணா பிடிவாதம் பிடித்ததால் 2023 கடைசியில் போனவள், பேத்தியைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, புது வருஷம் பிறந்த வாரத்தில் திரும்பிவிட்டாள். வந்ததும் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு அதைத் திறந்து பார்க்கவேயில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் அருணா போனில் அழுதாள். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

மருமகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். மலேசியா போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் விவரம் பதிய வேண்டுமாம். அதற்காக மணியம்மாள், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்து டிக்கெட் வேலையும் பார்க்கும் சுப்பிரமணியிடம் போனாள். அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான்.

"அக்கா, இது இன்னாக்கா?"

"இன்னா தம்பி?"

"நீ திரும்பி வந்தது 2024 ஜனவரி. நம்ம ஏர்போர்ட்டு முத்திரையில 2023 ஜனவரினு கீது பாரு." பென்சிலை எடுத்து அந்த மூன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். "உனுக்குப் பாஸ்போர்ட்டே 2023 ஆகஸ்ட்லதான் குட்த்துகிறாங்க. பாஸ்போர்ட்டு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளிநாட்லேர்ந்து வந்து எறங்கிட்டியா நீ?"

வருஷம் மாறியும் முத்திரைக் கட்டையில் வருஷத்தை மாற்ற யாரோ மறந்திருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் மணியம்மாளுக்கு, தன்மேல் யாரோ திருட்டுப் பட்டம் கட்டியதைப்போல முகமெல்லாம் வியர்த்தது.

"நான் ஒன்னும் பண்லயே தம்பி. அந்த சார் குத்திக் குட்த்தாரு, வாங்கிக்கினு வந்துட்டேன்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே? போலி முத்திரைனு உன்ன அங்கியே உக்கார வெச்சாலும் வெப்பாங்க. இங்க ஏறவே உடாம நிறுத்துனாலும் நிறுத்துவாங்க." அவள் அழப்போவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பேஜாராவாதக்கா. ஸ்டேஷன் பின்னால ரப்பர் ஸ்டாம்ப் செய்றவரு ஒர்த்தரு கீறாரு. மூணை நாலாக்கறது அவருக்கு ஒரு மேட்டரே இல்ல. உட்டுட்டுப் போ, சாயந்திரம் வாங்கிக்கலாம்."

மகளின் அழுகை காதிலேயே இருந்தது. மணியம்மாள் பாஸ்போர்ட்டை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

கடைக்கு வந்து கல்லில் மாவு ஊற்றினாள். எதிரே செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் லாரிக்காரன் நீட்டிய காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போன கோடையில் இதே கடையில் ஒரு டிரைவர் தோசை தின்றுகொண்டிருந்தான். அவன் பர்மிட்டில் ஒரே ஒரு எண்ணைத் திருத்தியிருந்தார்கள். பாதித் தோசையில் போலீஸ்காரர்கள் எழுப்பிக் கூட்டிப்போனார்கள். கை கழுவக்கூட விடவில்லை. சாயந்திரம் ஜீப்பில் ஏற்றும்போதும் அவன் வலது கையில் சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது.

கல்லில் தோசை கருகியது. அடுப்பை அணைத்தாள். சாப்பிட வந்தவர்களிடம், "இன்னிக்கு இல்ல, போங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

சுப்பிரமணியின் கடை பூட்டியிருந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் கேட்டுக் கேட்டுப் போனாள். கடைசிச் சந்தில் ஒரு சின்ன அறை. உள்ளே வழுக்கைத் தலை ஆள் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பாஸ்போர்ட் விரிந்து கிடந்தது. மூடாமலிருக்க மேலே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்திருந்தார். பக்கத்தில் பிளேடு, பஞ்சு, ஒரு சின்ன புட்டி.

"வேணாம் நைனா! வேணாம், குட்த்துடு!"

"யாரும்மா நீ?"

"அது என்னுது. என் மூஞ்சிதான் அதுல கீது, பாரு."

"இரும்மா. இப்பதான் தொடங்கப் போறேன். முடிச்சுக் குட்த்துட்றேன்."

"தொட்டியா? அதத் தொட்டியா நீ?"

"இன்னும் இல்ல…"

அவர் முடிப்பதற்குள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினாள். ஸ்கேல் தரையில் விழுந்து சத்தம் போட்டது. ரோட்டுக்கு வந்துதான் பக்கத்தைப் பார்த்தாள். மூன்று மூன்றாகவே இருந்தது. பென்சில் வட்டமும் அப்படியே இருந்தது.

சேகருக்குப் போன் போட்டாள். அவன் விஜயவாடா தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். நடந்ததையும், விமான நிலைய ஆபீஸுக்கே போய்க் கேட்கப் போவதையும் சொன்னாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"நீயா போய் ஆபீஸ்ல நிக்காதடி. புடிச்சி வெச்சிக்கினா இன்னா பண்ணுவ? நான் வந்துட்றேன், இரு."

"நீ வர்றதுக்குள்ள பிளேன் போய்டும்."

"பார்த்து பேசு மணி" என்று மட்டும் அவன் சொன்னான். அவன் குரலிலும் பயம் இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை சுப்பிரமணியிடம் போய், விமான நிலையத்தில் காட்டுவதற்கு, போன தடவை திரும்பி வந்த டிக்கெட்டை நகலெடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தவன், அவள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். "எம் பேர மட்டும் அங்க சொல்லிடாதக்கா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது எனக்கு."

மின்சார ரயில், பிறகு மெட்ரோ. விமான நிலையத்தில் குடியேற்றப் பிரிவு அலுவலகம் எங்கே என்று விசாரித்துப் போவதற்குள், திரும்பிப் போய்விடலாம் என்று பலமுறை நினைத்தாள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். "எங்கம்மா போணும்?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

உள்ளே இருந்த அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். வட்டத்தில் அவர் விரல் நின்றது.

"இது யார் போட்டது?"

"டிக்கெட் கடைக்காரரு சார். எனக்குக் காட்டறதுக்கோசரம் போட்டாரு."

"இதைத் திருத்தப் பார்த்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுப்பதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"திருத்தக் குட்த்தேன் சார். அப்பால பயந்துகினு ஓடிப்போய் வாங்கியாந்துட்டேன். யாரும் கை வெக்கல. எம் பொண்ணு மேல சத்தியம்."

"யார்கிட்ட கொடுத்தீங்க?"

மணியம்மாள் அழ ஆரம்பித்தாள். "அது கேக்காதீங்க சார். உள்ள வெக்கணும்னா என்ன வெய்ங்க. எம் பொண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சி, நான் திரும்பி வந்தப்பறம் வெய்ங்க. நானே வந்து நிக்கறேன்."

அவர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட் நகலையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. போலீஸுக்குத்தான் என்று நினைத்தாள். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று எழுந்து நின்றுவிட்டாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜெயிலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்ன ஞாபகம். காக்கிச் சட்டைக்காரர் ஒரு டீத் தம்ளரோடு வெளியே வந்து, அவளைப் பார்க்காமலேயே போனார்.

வெகுநேரம் கழித்து அதிகாரி வந்தார். பழைய முத்திரை ரத்து செய்யப்பட்டு, பக்கத்தில் சரியான தேதியோடு புதிய முத்திரையும் கையெழுத்தும் இருந்தன.

"நீங்க வந்த தேதி எங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருக்கு. தப்பு எங்க பக்கம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்த மூணுல ஒரு கோடு விழுந்திருந்தா தப்பு உங்க பக்கம் வந்திருக்கும்மா. அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. போய்ட்டு வாங்க."

மணியம்மாள் கும்பிட்டாள். நன்றி சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்து, மெட்ரோ படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

விமானம் ஏறிய நாளிலும் பயம் விடவில்லை. இரண்டு நாட்டுக் கவுண்டரிலும், அதிகாரி பக்கம் புரட்டும்போதெல்லாம் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அந்த முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது, அருணா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, இப்டி எளச்சிப் போய் வந்துகிற?"

"கடைல வெயிலு, அதான்," என்றாள் மணியம்மாள். மருமகன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை மெல்ல வாங்கிக்கொண்டு, மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.